கழுவாத வெள்ளி

என் ஆராய்ச்சிக் கட்டுரையில் கிருமிகளைக் கொன்றது குப்பைமேனி இலையால் செய்த வெள்ளித் துகள் அல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்தே சுகுணாவிடம் மறைத்தேன். அவளுடைய படிப்பு அதனால் பாழாயிற்று.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்னவென்று வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்...

திருப்பதியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. குப்பைமேனி இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றினால், சற்று நேரத்தில் டிகாஷன் நிறம் வரும். வெள்ளி நானோ துகள்கள் உண்டாகிவிட்டன என்று பொருள். பிறகு அதைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, அடியில் தங்குகிற துகளை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

எதற்குக் கழுவ வேண்டும்? மாறாமல் மிஞ்சிய சில்வர் நைட்ரேட் போவதற்கு. அது தனியாகவே கிருமியைக் கொன்றுவிடும். அதற்கு இலையும் வேண்டாம், நானும் வேண்டாம்.

நான் கழுவவில்லை.

சென்ட்ரிபியூஜ் பக்கத்துத் துறையில் இருந்தது. அன்று எனக்கு முன்னால் வரிசை. கழுவக் கழுவத் துகள் குறைந்துவிடுமே என்ற கஞ்சத்தனம் வேறு. இருந்ததை அப்படியே கிருமி படர்ந்த தட்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால், தட்டின் நடுவே கிருமியே இல்லாத பெரிய, தெளிந்த வட்டம்! என் கைடு அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாகுந்தம்மா" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கட்டுரையில் 'மும்முறை கழுவப்பட்டது' என்று எழுதினேன். எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

கட்டுரை அச்சான பின்பு ஒரு குறுகுறுப்பு. ஒழுங்காகக் கழுவி மறுபடி வைத்துப் பார்த்தேன். வட்டம் இல்லை. அதே தட்டில் ஓரமாக, வெறும் சில்வர் நைட்ரேட்டையும் வைத்திருந்தேன். அங்கே இருந்தது வட்டம்... என் கட்டுரையில் இருக்கிற அதே வட்டம்! யார் கண்ணிலும் படுவதற்குள் அந்தத் தட்டைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிட்டேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? பயம். வேறென்ன காரணம் சொல்ல?

அதன் பிறகுதான் சுகுணா வந்து சேர்ந்தாள். நகரிப் பக்கத்துப் பெண். ஆய்வகம் முழுக்கத் தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அதனாலேயே அவளுக்கு என்மேல் அத்தனை ஒட்டுதல். கைடு அவளுக்குக் கொடுத்த தலைப்பு என் வேலையின் தொடர்ச்சி. அந்த வட்டம் வந்தால்தான் அவளுக்கு அடுத்த அடி.

அவளோ நேர்மையாகக் கழுவினாள்.

வட்டம் எப்படி வரும்? கைடு எல்லார் முன்னாலும் கேட்பார்: "ஆமெகு ஒச்சிந்தி, நீக்கெந்துகு ராது?" அவளுக்கு வந்தது உனக்கு ஏன் வராது என்று. நானும் அந்த அறையில்தான் நின்றிருப்பேன், பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டு...

ஒருநாள் கேண்டீனில், தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"துன்னு சுகுணா" என்றேன்.

"இலைய மாத்திப் பாத்துட்டேன், தண்ணிய மாத்திப் பாத்துட்டேன். வட்டமே வர்லக்கா. நீங்க எப்டிதான் கழுவினீங்க?"

"பேப்பர்ல போட்டுக்கீற மாதிரிதான்."

"அப்போ என் கைதான் சரியில்ல போலக்கீது."

நான் மறுக்கவில்லை. பாவி நான், மோரை எடுத்துக் குடித்தேன்.

கடைசியில் அவள் படிப்பைப் பாதியில் விட்டாள். அவளுடைய நைனா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, என் நைனாவுக்குச் சொல்வதுபோல் அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். எனக்குச் சித்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்தக் கட்டுரையைத்தான் கேட்டார்கள்.

போன வாரம் ஊருக்குப் போகும்போது, சத்தியவேடு பஸ்ஸில் ஒருத்தி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. சுகுணா! எதிர் சீட்டில் இருந்த தோழியிடம், "நான் சொல்வனே, அந்த அக்கா இவங்கதான்" என்றாள் பெருமையாக.

கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? அந்த இலைய நீங்க எப்போ பறிப்பீங்க?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்... படிப்பு போய், இந்தச் சீருடை வந்த பிறகும்! இதோ வாய்ப்பு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் கழுவவில்லை. அவ்வளவுதான், இரண்டு சொல். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"விடிகாலைல" என்றேன். "வெயில் படறதுக்கு முன்னாடி பறிச்சிடுவேன்."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "அதான பாத்தேன். நான் ஆஸ்டல்ல துன்னுட்டு, வெயில் ஏறின பின்னாடிதான் போய்க்கினு இருந்தேன். தப்பு என்னோடதுதான்க்கா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை காலம் தேடிய தன் தப்பு கிடைத்துவிட்ட நிம்மதி. அந்தத் தப்பை அந்த நிமிடத்தில் செய்து அவள் கையில் கொடுத்தவள் நான்.

தொழிற்சாலை நிறுத்தத்தில் எழுந்தவள், "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.