பாட்டில் புகையும் மரத்தூள் அடுப்பும்

இந்த ஊரில் புகையைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். கேலி செய்யவில்லை. டாலஸ் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் இடத்தில், சூப்பர் மார்க்கெட்டில் வினிகருக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவே, இருமல் மருந்து அளவுக்கு ஒரு சின்னப் பாட்டில் இருக்கும். உள்ளே டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர். மூடியைத் திறந்து முகர்ந்தால் விறகடுப்பு வாசனை. 'லிக்விட் ஸ்மோக்' என்று பெயர். முதல் தடவை அதைக் கையில் எடுத்தபோது சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே கண் கலங்கிவிட்டது. திருவண்ணாமலையில் எங்கள் அம்மா ஆயுசு முழுக்கப் புகையை வீட்டை விட்டுத் துரத்தப் பாடுபட்டவள். ஜன்னலைத் திறப்பாள், முறத்தால் விசிறுவாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் துரத்திய அதே புகையை நான் இங்கே டாலர் கொடுத்து வாங்கி வந்தேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

புகை வாங்கியது அத்தாவுக்காக, என் அப்பாவுக்காக. அம்மா இறந்து பத்து மாதம் கழித்து, அத்தாவை ஆறு மாத விசாவில் இங்கே வரவழைத்தோம். அம்மா போனபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. எங்கள் குடியேற்றக் காகிதங்கள் ஏதோ ஒரு மேஜையில் கிடந்தன. நடுவில் வெளியேறினால் திரும்பி வருவது சந்தேகம் என்றார் வக்கீல். தொலைபேசியில்தான் அழுதேன். அந்தக் கடனைத் தீர்க்கிற மாதிரி, அத்தாவை இங்கேயே எங்களோடு வைத்துக்கொண்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். என் கணவர் சலீமும் சரி என்றுவிட்டார். அத்தாதான் பிடி கொடுக்கவில்லை. வந்து இரண்டு மாதம் ஆகியும் அரைச் சப்பாத்திக்கு மேல் இறங்காது. "பசி கம்மியாத்தான் இருக்குதும்மா" என்பார். ஊரில் தச்சுப் பட்டறையில் ஒரு நாள் முழுக்க இழைப்புளி தள்ளிவிட்டு வந்து மூன்று தட்டு சோறு சாப்பிட்ட மனிதர் அவர். மூன்று தட்டு சாப்பிட வைத்துவிட்டால் ஆளைத் தங்க வைத்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு இப்போது யோசித்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. அப்போது அதை முழுசாக நம்பினேன்.

பக்கத்து வீட்டு டோனாதான் வழி சொன்னாள். அவள் கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் இரும்பு டிரம் வைத்து ஓக் விறகு போட்டு மாட்டின் நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வாட்டுகிறவன். 'பிரிஸ்கெட்' என்று அவர்கள் சொல்கிற கறி அது. வந்த முதல் வாரமே அத்தா வேலியோரம் நின்று அந்த விறகு வாசனையை முகர்ந்து, "இது என்ன மரம், நம்மூரு மரம் இல்லியே" என்று கேட்டார். தச்சருக்கு மரம்தான் முதலில் தெரியும், கறி அப்புறம்தான். டிரம்முக்கெல்லாம் எனக்கு வழியில்லை என்றேன் டோனாவிடம். ஸ்லோ குக்கர் போதும் என்றாள். பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, ஒரு ஒயர். காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம், சாயங்காலம் வந்தால் கறி பஞ்சாக இருக்கும், புகைக்கு அந்தப் பாட்டிலில் நாலு சொட்டு. ஒரே ஒரு நிபந்தனை, மூடியை மட்டும் திறக்கவே கூடாது. ஒவ்வொரு தடவை திறப்பதற்கும் அரை மணி நேரச் சூடு போய்விடுமாம்.

கூடவே இன்னொன்றும் கேட்டாள். உங்கள் நாட்டில் மாடு சாமி இல்லையா, நீ எப்படி இதைச் சாப்பிடுகிறாய்? ஆமாம் என்றால் என் வீடு பொய்யாகிவிடும், இல்லை என்றால் என் ஊர் பொய்யாகிவிடும். என்னுடைய ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் முஸ்லிம்கள், நாலு தலைமுறையாக அந்த ஊர்தான், எங்கள் சந்தின் முனையில்தான் கிரிவலம் போகிறவர்கள் நடப்பார்கள், அதனால் பௌர்ணமி அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி ஆக்க மாட்டோம், வாசலில் தண்ணீர்ப் பானை வைப்போம் என்றேன். "ஓ, நிலாவுக்காக விரதமா!" என்றாள் டோனா. இல்லை, நடக்கிறவர்களுக்காக என்றேன். புரியாமலேயே அன்பாகத் தலையாட்டினாள். யாரும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை, யாரும் எங்களைத் தடுத்ததும் இல்லை, அது அப்படித்தான் என்பதை எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பௌர்ணமி கழிந்த மறுநாள் எங்கள் வீட்டில் கட்டாயம் நெஞ்சுக்கறி உண்டு. அதற்கு மரத்தூள் அடுப்பு. ஊர் மாவட்டமான வருஷம் எனக்குப் பதினைந்து வயது. திடீரென்று ஆபீஸ், லாட்ஜ் என்று கட்டடங்கள் எழும்பி, செங்கம் ரோட்டில் அத்தாவின் பட்டறைக்குக் கதவு, ஜன்னல், கட்டில் என்று வேலை குவிந்தது. ஆசிரமப் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணை மூடி உட்காருவதற்கென்றே ஒரு குட்டைப் பலகை செய்யச் சொன்னார். தரையிலேயே உட்காரலாமே என்று அத்தாவுக்கு ஆச்சரியம். வேலை ஜாஸ்தி ஆக ஆகத் தூளும் ஜாஸ்தி. அம்மா அதைக் கோணியில் அள்ளி வந்து, தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் இடித்து இடித்து நிரப்புவாள். பாட்டிலை உருவினால் நடுவில் ஓட்டை. கீழே ஒரு துவாரம், அதில் நெருப்பு வைத்தால் ஐந்து மணி நேரம் ஒரே சீராகக் கனன்றுகொண்டிருக்கும்.

அந்த அடுப்புக்கு ஒரு குணம் உண்டு. நடுவில் அணைக்க முடியாது. தண்ணீர் ஊற்றினால் வீடு முழுக்கப் புகை மண்டும், அடுப்பும் பாழ். எரிந்து முடிகிற வரைக்கும் யாராவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மூலையில் கோணி கோணியாகத் தூள் இருக்கும்போது ஒரு பொறி பறந்தால் கேட்க வேண்டாம். அதனால் அடுப்பு எரியும் நாளில் அம்மா வாசல்படி தாண்ட மாட்டாள். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் "அடுப்பு எரியுது, நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்பாள்.

தொண்ணூற்றேழில் கல்யாணமாகி நான் இங்கே புறப்பட்ட நாளன்றும் அதையேதான் சொன்னாள். வேன் சந்து முனையில் நிற்கிறது. சொந்தபந்தம் பன்னிரண்டு பேர் மீனம்பாக்கம் வரைக்கும் வந்து வழியனுப்ப ஏறி உட்கார்ந்தாயிற்று. அம்மா மட்டும் அடுப்படியில் நிற்கிறாள். என் தலையைத் தடவி, "அடுப்பு எரியுதுடி. நான் வரல" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டிப் போகிற மகளை விட ஒரு சட்டிக் குழம்பு பெரிசா? வேன் கிளம்பியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவளை நேரில் பார்க்கவே இல்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "என்னம்மா, அடுப்பு அணைஞ்சிடுச்சா?" என்று குத்துவேன். அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவ்வளவு குத்தியிருக்க வேண்டாம்.

சரி, கறிக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்தேன். ஹலால் கடையில் வாங்கிய நான்கு பவுண்டு நெஞ்சுக்கறி. டோனா எழுதிக்கொடுத்தபடி மிளகாய்த்தூள், வினிகர், பார்பிக்யூ சாஸ், கூடவே பழுப்புச் சர்க்கரை. கறிக்குச் சர்க்கரையா என்று கை கூசியது, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பாட்டிலிலிருந்து நாலு சொட்டுப் புகை. கடைசியில் மனசு கேட்காமல் இஞ்சி பூண்டு விழுதும் இரண்டு துண்டு பட்டையும் சேர்த்தேன். "அத்தா, இத தொறக்காதீங்க. தானா வெந்துக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்கு முழுக்க என் நினைப்பெல்லாம் அந்தச் சட்டிமேலேயே இருந்தது.

இரண்டரை மணிக்கு வந்து கதவைத் திறந்தால் வாசனையே இல்லை. சட்டியைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. ஒயர் பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ஜும்மா தொழுகை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த அத்தா, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, இத யாரு புடுங்கனது?"

"நான்தாம்மா. தொழுவப் போறப்ப புடுங்கிட்டுப் போனேன். சுவிட்சு தேடனேன், இங்க சுவிட்சே இல்ல. அதான் ஒயரயே புடுங்கிட்டேன்."

"ஏன்த்தா?"

"ஆளு இல்லாத வீட்ல அடுப்ப எரிய உட்டுட்டு போவாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆளு இல்லாதப்ப வேவறதுக்குத்தான் இத வாங்கறாங்க. அதான் இதோட வேலையே!" என்று கத்தினேன்.

அத்தா சட்டியைப் பார்த்தார். "ஆளு இல்லாத வீட்ல யாருக்காக வேவுது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "நீங்களும் அம்மா மாதிரியே. அடுப்பு அடுப்புன்னு சொல்லியே, என்ன வழியனுப்பக்கூட வராத மனுஷி" என்று சொல்லிவிட்டு ஒயரை மறுபடி செருகினேன். அத்தா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கறி வேக ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது. கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரிந்தது. சலீமும் நானும் அத்தாவுமாக உட்கார்ந்தோம். அத்தா ஒரு துண்டு எடுத்தார், மென்றார், நிறுத்தினார்.

"பொக வாசன வருதே. நெருப்பே இல்லாம பொக எப்படி?"

பாட்டிலைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்கம்மா ஊதன பொகய எல்லாம் புடிச்சி வித்திருந்தா நாம லாட்ஜே கட்டியிருக்கலாம்." பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டார். இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டுக்கு நான் கரண்டியை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"அன்னிக்கு ஒன்ன ஏத்தி உட்டுட்டு நாங்க மறுநாள் காலைல வூட்டுக்கு வந்தோம்" என்றார் மெதுவாக. "ஒங்கம்மா படுத்திருந்தா. சட்டி அடுப்பு மேலயே இருந்துது. பசி. தொறந்து பாத்தேன். வெறும் தண்ணிம்மா. கறியும் இல்ல, அரிசியும் இல்ல. அத்தனை தூள இடிச்சி, வெறும் தண்ணிய கொதிக்க உட்டிருக்கறா."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க ஏன்னு கேக்கலியா?"

"எதுக்கு கேக்கறது? வந்திருந்தா ஒன்ன போவ உட்டிருக்க மாட்டா. அது அவளுக்கே தெரியும். அணைக்க முடியாத அடுப்பா பாத்து பத்த வெச்சிக்கிட்டா."

ஆறு வருஷம் நான் அவளைக் குத்தியதெல்லாம் அந்த மேஜையில் எனக்கே திரும்பி வந்தது. அழுதேன். சலீம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அழுகை அடங்கியதும், கேட்க வேண்டும் என்று இரண்டு மாதமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "அத்தா, இங்கியே இருந்துடுங்களேன்."

"இங்க ஒரு கொறையும் இல்லம்மா. மாப்ள தங்கமானவரு. ஆனா வெள்ளிக்கெழம ஆனா அவ கபர்கிட்ட போய் நிக்கணும். நானும் வந்துட்டா அங்க யாரு இருக்கறா அவளுக்கு?"

இந்த நாட்டில் எனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, புகைகூடப் பாட்டிலில் கிடைக்கிறது. போய் நிற்பதற்கு அம்மாவை அடக்கம் செய்த கபர் மட்டும் இங்கே இல்லை.

அத்தா ஊர் திரும்பும் டிக்கெட்டை அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினோம். விமான நிலையத்துக்குப் போக நானும் சேலையெல்லாம் கட்டித் தயாராகத்தான் இருந்தேன். சலீம் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியாது. ஸ்லோ குக்கரில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, ஒயரைச் செருகினேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அத்தா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாம்மா, நேரமாவுது" என்றார்.

"அடுப்பு எரியுதுத்தா. நான் வரல" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுபடி பதமாக மூடினார். என் தலையில் கை வைத்து, "தண்ணி சுண்டிடாம பாத்துக்கோ" என்றார். அப்புறம் போய்விட்டார்.

கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. டோனாவின் கொல்லையிலிருந்து ஓக் புகை வந்தது. நான் சமையலறையிலேயே நின்றிருந்தேன். அம்மாவின் அடுப்பை நடுவில் அணைக்க முடியாது. என்னுடையதை அணைக்கலாம், ஒயரைப் பிடுங்கினால் போதும். சாயங்காலம் வரைக்கும் நான் பிடுங்கவில்லை.