வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்பவர்

போனை எடுக்கும் முன் சென்னிமலை செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால், “அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போறமல்லங்க?” என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. அரசும் ஆலை முதலாளிகள் சிலரும் சேர்ந்து சூலூரில் நடத்தும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி மையத்தில் வேலை. நாற்காலி அரசாங்கத்தினுடையது, கம்ப்யூட்டர் முதலாளிகளுடையது. கரண்ட் போனால் மட்டும் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்.

படித்துப் போனவர்கள் கிடைத்த வேலையில் மூன்று மாதமாவது நிலைத்தால்தான் மையத்துக்கு அடுத்த வகுப்பு. அவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேசி நிலைக்க வைப்பது சென்னிமலையின் நாக்கு.

சோமனூர் அன்புக்கரசி, துணிப் படங்களில் நூல் அறுந்த இடத்தைக் குறித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பவள். கண் எரிகிறதாம், நின்றுவிடப் பார்க்கிறாள்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? வேலைல இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்ணா. எங்கம்மாகூட இத்தனை வாட்டி கூப்புடறதில்லீங்க.”

“அவங்க ரிப்போர்ட் அனுப்ப வேண்டீதில்லீங்களே! மெதுவாச் சொல்லுங்க, லைன்லதான் இருக்கறேன்.”

அவள் புலம்பி முடிப்பதற்குள் இவர் தன் மூட்டு வலியைச் சொல்லியிருப்பார். கடைசியில் அவள்தான் இவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள்.

போன வகுப்பில் ஓர் இடம் காலி. ஆள் குறைந்தால் வகுப்பே ரத்து. காரமடை வரை அலைந்தும் ஒருவரும் சிக்காததால் தன் பெயரையே சேர்த்துப்போட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சையும் எழுதிப் பாஸ். வேலை கிடைத்த இடம் என்று மையத்தின் பெயரையே கொடுத்தார். பொய் ஒன்றும் இல்லையே!

போன வாரம் மேனேஜர் யஷ்வந்த், “உங்க குரல் அருமைங்க, பதிவு பண்ணிக்கலாமா?” என்றார். மகன் வயதுக்காரர் கேட்டதில் குளிர்ந்துபோன சென்னிமலை, குரல் பதிவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: இனி அந்தக் குரலில் மெஷினே எல்லோரையும் கூப்பிடுமாம்.

“அப்ப நானுங்க?”

“பார்க்கலாங்க.”

அந்தப் ‘பார்க்கலாங்க’வை வீட்டில் அவர் இன்னும் சொல்லவில்லை.

இன்று வெள்ளோட்டம். யஷ்வந்த் லேப்டாப்போடு எதிரே வந்து உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். போன வகுப்பில் பாஸானவர்களை மெஷின் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கியது. சற்று நேரத்தில் சென்னிமலையின் போனே அடித்தது. கால் தன்போக்கில் செருப்பைக் கழற்றியது. ஸ்பீக்கரைப் போட்டார்.

“ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? வேலைல இருக்கறீங்களா?”

அவர் குரலேதான். மூட்டு வலி மட்டும் இல்லை.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சென்னிமலை நிமிர்ந்தார்.

“ஏனுங்க சார், இருக்கறனுங்களா?”

யஷ்வந்த் லேப்டாப்பைப் பார்த்தார்.

“மெதுவாச் சொல்லுங்க, லைன்லதான் இருக்கறேன்,” என்றது உள்ளங்கைக்குள்ளிருந்து குரல்.

சென்னிமலையின் வலது கால் மேசைக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.