சுவருக்குள் ஒரு கோழி

“…அதனால நான் பேர் சொல்லப்போறதில்ல. கோழி அங்க இருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவங்களே சொல்லட்டும்” என்றார் மாடி வீட்டுத் தம்பி.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். முன்பாதியை அவர் சுவரில் மாட்டியிருந்த டீவியைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் திரும்பி அவர் வாய் என் கண்ணில் பட்ட பிறகு வந்தது பின்பாதி. அதில் கோழி இருந்தது. கோழியைப் பற்றி எனக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனுஷன் கேள்வி கேட்டுவிட்டு நிற்கும்போது யாரும் பதில் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

“கோழிதானே தம்பி, அது எங்கிட்டதான் இருக்குது. தோட்டத்துல விட்டிருக்கேன், நல்லா மேயுது” என்றேன் சிரித்துக்கொண்டே.

என்னோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் மனைவி பிரியாணிப் பாத்திரத்து மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் சொன்ன முன்பாதியைப் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள்: “நம்ம கூட்டத்துல ஒருத்தர் ஏமாத்தியிருக்காங்க. வயசுல மூத்தவங்க.”

எனக்குக் காது சரியாகக் கேட்காது. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வருஷக்கணக்காக வேலை பார்த்தேன். மிஷின் இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு குக்கர் விசில், பிறகு பெண்களின் குரல். ஆண்களின் குரல் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல வந்துகொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். கண்ணாடி போட்டால் படித்தவள் என்று நினைப்பார்கள். காதில் மிஷின் மாட்டினால் குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கத்துவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மிஷின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

மறைப்பதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது. ஓயாமல் பேசுவேன். பேசிக்கொண்டே இருக்கிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போயிருப்பாள். நீலசந்திராவில் எங்கள் சந்தில் பெரிய வாயாடி என்று எனக்குப் பேர். அந்தப் பேரை நான் பாடுபட்டுச் சம்பாதித்தேன்.

ஆனால் ஜனங்கள் பேசுவதென்றால் எனக்கு உயிர். இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் எனக்கு நேர் எதிரே, வெளிச்சத்தில், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். உதடு தெளிவாகத் தெரியும். ஆஸ்டின் டவுனிலிருந்து வரும் ஒரு அம்மா, போன தடவை தைத்த பிளவுஸ் பிடிப்பாகிவிட்டதைச் சொன்னார்: “இதப் போட்டா மூச்சு விடறதுக்கு லீவு போடணும்மா.” பூ விற்கிற பெண் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள்: “அவரு கோவம் கரண்ட் மாதிரி, எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, தொட்டாத்தான் தெரியும்.” இப்படி ஒன்று கிடைத்தால் அன்று முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில்தான் எனக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு வாயைப் பிடிப்பதற்குள் பேச்சு இன்னொரு வாய்க்குப் போய்விடும். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன்.

அந்தக் குறை தீர்ந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாடி வீட்டுத் தம்பிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவரும் ஆபீஸ் நண்பர்களும் சேர்ந்து கட்டை விளையாட்டு ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு சர்வர் நடத்தினார்கள். மண், கல், மரம் எல்லாம் சதுரக் கட்டைகள். தோண்டலாம், அடுக்கி வீடு கட்டலாம், ஆடு கோழி வளர்க்கலாம். ஒரே உலகத்தில் அவரவர் வீட்டிலிருந்து பத்துப் பேர் நடமாடலாம். “அக்கா, நீங்க அளவு எடுக்கறதுல கில்லாடி, வந்து ஒரு வீடு கட்டிப் பாருங்க” என்று தம்பியின் மனைவிதான் என்னை இழுத்துவிட்டாள். வீட்டுக்காரர் ஆபீசில் கழித்துவிட்ட லேப்டாப் இருந்தது. எதையும் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொள்வேன். இதையும் அப்படித்தான் கற்றேன்.

அங்கே எல்லோரும் எழுதித்தான் பேசினார்கள். யார் என்ன சொன்னாலும் திரையின் ஓரத்தில் வரிவரியாக வந்து நிற்கும். ஹெப்பகோடியில் இருக்கும் தம்பியின் நண்பர் ஒருவர், வாய் ஓயாதவர், “டிராபிக்ல வீடு வந்து சேர்றதுக்குள்ள தாடி வளர்ந்திடுச்சு, பொண்டாட்டி அடையாளம் கேக்கறா” என்று எழுதினார். அதை எல்லோரோடும் சேர்ந்து, எல்லோரும் சிரித்த அதே நேரத்தில் நான் சிரித்தேன். ஒரு கூட்டத்தில் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அப்படியே நோண்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு வசதியும் கண்ணில் பட்டது. விளையாட்டில் வரும் சத்தங்களையெல்லாம் திரையின் கீழே எழுத்தாகக் காட்டச் சொல்லலாம். தமிழிலேயே வரும். ‘தண்ணீர் ஓடுகிறது’, ‘ஆடு கத்துகிறது’. சத்தம் எந்தப் பக்கம் என்று பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் இருக்கும். சத்தத்தைச் சைபரில் வைத்துவிட்டு அதைப் படித்துக்கொண்டு நடப்பேன். குருவியும் குக்கரும் போன பிறகு என் காதுக்கு வந்து சேர்ந்தது அந்த ஓர எழுத்துதான்.

இந்த நிலையில்தான் ஏமாற்று வேலை தொடங்கியது. பூமிக்கடியில் வைரம் புதைந்திருக்கும்; தோண்டிக்கொண்டே போனால் அபூர்வமாகக் கிடைக்கும். யாரோ சிலர் கல்லையும் சுவரையும் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டுக்கொண்டு நேராகப் போய் வைரத்தை அள்ளினார்கள். ஒருவர் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த பெட்டிகூடக் காலியானது. தம்பி அதற்கு ஒரு தடுப்புப் போட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார், நல்லவேளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“மண்ணுக்குள்ள என்ன இருக்குதுன்னு சர்வர் எல்லார் கம்ப்யூட்டருக்கும் முன்னாடியே சொல்லிடுதுக்கா. அதான் திருடறாங்க. இனிமே அது பொய் சொல்லும். வெறும் கல்லையும் வைரம்னு காட்டும். பக்கத்துக் கல்ல உடைச்சாத்தான் உண்மை தெரியும்.”

“அட, ஜாக்கெட்டுக்கு உள்ள என்ன லைனிங்னு பிரிச்சாத்தானே தெரியும்” என்றேன்.

“அதேதான். ஆனா கல்ல மறைக்க முடியுது, உயிர மறைக்க முடியல. ஆடு, கோழி எங்க நிக்குதுன்னு இன்னும் அவங்களுக்குத் தெரியும்.”

அவர் எனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஓட்டையையே பொறியாக்கியிருந்தார். ஆழத்தில், வழியே இல்லாமல், நாலு பக்கமும் கல்லால் மூடிய ஒரு அறை. அதில் கொஞ்சம் வைரம், ஒரு கோழி. சுவரைத் தாண்டிப் பார்க்கிற கண் இருப்பவர் மட்டும்தான் அங்கே நேராகத் தோண்டிக்கொண்டு வருவார் என்பது அவர் கணக்கு. கோழி வாயை மூடிக்கொண்டிருக்காது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மற்றவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டோ, சத்தத்தைக் குறைத்துக்கொண்டோ விளையாடுவார்கள். அவரும் அப்படித்தான்.

நான் என் வீட்டுக்குக் கல் வேண்டுமென்று கீழே சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தேன். ‘கோழி கொக்கரிக்கிறது’ என்று வந்தது. அம்பு இடது பக்கம் காட்டியது. இவ்வளவு ஆழத்தில் கோழி ஏது? யாருடைய கோழியோ பள்ளத்தில் விழுந்து மூடிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். எழுத்து வர வர அம்பு காட்டிய பக்கமே தோண்டினேன். அறை திறந்தது. கோழியை மேலே கொண்டுவந்து தோட்டத்தில் விட்டேன். வைரம் யாரோ சேர்த்து வைத்தது, அதில் கை வைக்கவில்லை. கோழி காணாமல் போனவர் கேட்பார், கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

கேட்டது இப்படி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் லேப்டாப்போடு தம்பி வீட்டில் கூடிச் சாப்பிட்டு விளையாடலாம் என்று ஏற்பாடு. யார் எந்தக் கல்லை உடைத்தார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். கோழி எங்கிட்ட இருக்குது என்று நான் சொன்னதும், டீவியில் என் சுரங்கத்தைப் போட்டுக் காட்டினார் தம்பி. கோழி அறைக்கு அது வாய்க்கால் மாதிரி நேராகப் போயிருந்தது.

“எப்படிக்கா?” என்றார், என்னைப் பார்த்து. குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

“சும்னே, சும்மாதான் தோண்டினேன் தம்பி. அதிர்ஷ்டம்.”

“அதிர்ஷ்டம் இப்படிக் கோடு போட்ட மாதிரி வராதுக்கா.”

ஹெப்பகோடிக்காரர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். “வைரத்த விட்டுட்டுக் கோழியத் தூக்கிட்டுப் போயிருக்காங்க பாரு மச்சா. சந்தேகம் வரக்கூடாதுன்னு. நம்ம எக்ஸ்ரே அக்கா மூளையே மூளை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் என்னைத்தான் சொல்கிறார் என்பது உள்ளே இறங்கியது.

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். கீழே எழுத்தாக வந்தது, அதைப் படித்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எழுத்து எதற்கு, சத்தம் கேட்காதா? மாடிப்படியில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டிக்கொண்டு கத்துவார்கள். சந்து முழுக்கத் தெரியும். அதைவிட, அந்த விளையாட்டில் நான் வெறும் அக்கா. வீடு கட்டுகிற அக்கா, வாய் பேசுகிற அக்கா. அங்கேயும் நான் செவிட்டு அக்கா ஆகிவிட்டால் பிறகு எனக்குப் போக இடமில்லை.

திருடி என்றால் கொஞ்ச நாள் திட்டுவார்கள், மன்னிப்பார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு அதுதான் லேசாகப் பட்டது.

“ஆமா தம்பி, சுவருக்குள்ள பாத்துட்டேன். தப்புதான்” என்றேன்.

செய்யாத திருட்டை வாய்விட்டு ஒப்புக்கொண்டேன். தம்பியின் மனைவி முகம் சுருங்கியதைப் பார்த்தேன். என்னைக் கூட்டத்தில் சேர்த்தவள் அவள். தன்னைத்தான் நான் கைவிட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். காது கேட்காதது என் குற்றமில்லை என்று வீட்டுக்காரர் சொல்வார். சரி. ஆனால் அதை மறைப்பதற்காக ஒரு நல்ல பெண்ணை நான் தலைகுனிய வைத்தேனே, அது யாருடையது?

“சரி விடுங்கக்கா. லேப்டாப்பக் குடுங்க, அந்தப் புரோகிராம எடுத்துடறேன். அப்புறம் யாரும் பேச வேணாம்” என்றார் தம்பி. பெருந்தன்மைதான். வாங்கிக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்து தேடினார். இல்லாததை எங்கே தேடுவது? தேடிக்கொண்டே போனவர் விளையாட்டுத் திரைக்கு வந்தார். என் தோட்டம் தெரிந்தது. அதில் கோழி நின்றது. கீழே ஓரத்தில் எழுத்து வந்ததும் அவர் விரல்கள் நின்றன.

தலையைத் தூக்காமல் ஏதோ கேட்டார். தாடை அசைந்தது மட்டும் தெரிந்தது.

“ஆமா தம்பி” என்றேன்.

மறுபடியும் கேட்டார்.

“ஆமாமா, அதான் சொன்னேனே.”

அவர் கேட்டது, “சவுண்ட ஏங்க்கா சைபர்ல வச்சிருக்கீங்க?” என்று. இதையும் பிறகு தம்பியின் மனைவிதான் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண் அவர் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. அதையும் பார்த்தார். அப்போது என் உடம்பெல்லாம் சுட்டது. கட்டியிருந்த புடவையைக் கூட்டத்தின் நடுவில் யாரோ பிடித்துக்கொண்டதுபோல நின்றேன். சொல்லிவிடாதே என்று கெஞ்சியது மனசு. அதே மனசு, சொல்லித் தொலையேன், இந்தத் திருடிப் பட்டமாவது போகட்டும் என்றும் சொன்னது.

“என்ன மச்சா, கிடைச்சுதா?” என்றார் ஹெப்பகோடிக்காரர்.

தம்பி என் லேப்டாப்பை எடுத்துவந்து, திரை எனக்குத் தெரியும்படி என் முன்னால் வைத்தார். தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். ஒரே கூடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருடைய திரையிலும் ஒரே சமயத்தில் வரி வந்தது.

“கோழி சத்தம் போட்டிருக்கு. அந்த சத்தம் கீழ எழுத்தா வரும். அத மறந்தது என் தப்பு. அக்கா ஏமாத்தல.”

ஹெப்பகோடிக்காரர் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் தலையைத் தூக்கி, ஏதோ கேட்க வாயெடுத்தார். தம்பி வாயைத் திறக்காமல், நண்பர் மடியிலிருந்த லேப்டாப்பின் கீபோர்டை விரலால் காட்டினார்.