மாதா எனக்கு அனுப்பிய மனுசன்

2007ஆம் ஆண்டு ஆவணி மாதம், வள்ளம் கட்டுகிற கயிறு அறுந்து என் மனுசன் அருளப்புவின் வலது கண்ணில் அடித்தது. மற்றக் கண்ணில் அவருக்குச் சின்ன வயதிலேயே பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஆக, இருந்தது ஒரே ஒரு கண். அதில்தான் அடி.

நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற மோட்டார் வள்ளத்தை ஓட்டி, அந்த ஒரு கண்ணை வைத்துத்தான் அவர் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார். யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற விழித்திரை கழன்று வருகிறது, முழுதாகக் கழன்றால் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது, உடனே கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்றார். கண் அசையக் கூடாது என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாளும் எடுத்துத் தந்தார்.

உடனே கொண்டுபோவதாம். சண்டையால் கொழும்பு றோட்டுப் பூட்டு. கப்பலுக்குக் காத்திருந்தால் மார்கழி நத்தார் வந்துவிடும். அன்றிரவு நான் குசினிக்குள் இருந்து வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதேன். குருடனாகிவிட்டால் அந்த மனுசன் உயிரோடு இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாதாவே, வழியைக் காட்டு என்று கேட்டேன்.

வழி கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட வழி!

பேர் தெரிந்த விமானக் கொம்பனிகள் எல்லாவற்றிலும் இடமில்லை. புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், மலிவு, இடமும் இருக்கிறது என்று ரிக்கற் போடுகிற பெடியன் சொன்னான். அந்தக் கொம்பனியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னாலும் பிஸ்கட் கொம்பனி என்றுதான் நினைப்பீர்கள். "தம்பி, உது பறக்குமோ?" என்று கேட்டேன். "அக்கா, போன கிழமை பறந்தது" என்றான். எவ்வளவு நல்ல உத்தரவாதம் பாருங்கள்.

நாங்கள் கொழும்புக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் ஊர்காவற்றுறை முழுக்க எங்கள் வீட்டு வாசலில் நின்றது. கண்ணைப் பற்றி விசாரிக்க என்றா நினைக்கிறீர்கள்? "இதையும் ஒருக்காக் கொண்டுபோய் மோளிட்டைக் குடுத்துவிடும்" என்று ஆளுக்கொரு பார்சல். கருவாடு, ஒடியல், பனங்கட்டி. இப்போது இந்தக் கோயிலில் கூடியிருக்கிற உங்களிலேயே கருவாடு தந்தவர்கள் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறீர்கள். குனியுங்கள், குனியுங்கள். தீவில் இருந்து கொழும்புக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாதாம், அது எங்கள் வழக்கமாம். குருடாகப் போகிற மனுசனை ஒரு கையிலும் உங்கள் கருவாட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு போனேன்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, சோதனைக்கு மேல் சோதனை முடிந்து, கண்ணாடியை மறைத்துக் கட்டிய பஸ்ஸில் ஏற்றிப் பலாலி விமானத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நின்றது பிளேன். வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே எந்த நாட்டு எழுத்தோ, பழைய எழுத்துகள் தெரிந்தன. உள்ளே போனால் கதிரை சாய்ந்தது சாய்ந்தபடி, நிமிராது. பெல்ற் பூட்டினால் பூட்டுப்படாது. ஓட்டுகிறவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசியது இங்கிலீசும் இல்லை. ஒரு பெட்டை முன்னால் வந்து நின்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் கையை ஆட்டிக் கதைத்தாள். ஏறியிருந்தது முழுக்கத் தமிழ்ச் சனம். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ரொபி தந்தாள். அது ஒன்றுதான் அந்தக் கொம்பனியில் ஒழுங்காக நடந்த காரியம்.

எங்களுக்குப் பக்கத்தில், நடைபாதைக்கு அங்கால இருந்தவர்தான் எங்கள் தீவிலேயே சரவணை என்கிற ஊரைச் சேர்ந்த வைத்திலிங்கத்தார். தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். வெள்ளை வேட்டி, வீபூதி, மடித்த குடை. நாங்கள் வந்து இருந்ததும் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். பெட்டையைக் கூப்பிட்டு இங்கிலீசில் ஏதோ முறைப்பாடு சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உந்தப் பார்சலுக்குள்ள என்ன?"

"கருவாடு."

"பிளேனுக்குள்ளயுமோ கொண்டுவாறியள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம் ஐயா. உங்கட தோட்டத்துப் புகையிலை மணக்கிறதில்லையோ?" என்று கேட்டேன். அவர் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு தன் பெருமையை அளக்கத் தொடங்கினார். ஒரே ஒரு மகள். அவளுக்குக் கனடா விசா சரிவந்துவிட்டது. நாளைக்கு இரவு கொழும்பில் பிளேன் ஏறுகிறாள். வழியனுப்பத்தான் போகிறார். மருமகன் அங்கே இன்ன வேலை, வீடு இவ்வளவு பெரிது. தொடங்கினதில் இருந்து இதே கதை. கனடாவையே இவர்தான் கட்டிக் குடுத்தவர் போல.

தோட்டமும் நிலமும் வைத்திருக்கிறவர்கள் கடல் தொழில் செய்கிற எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் அப்படியே திருப்பிப் பார்த்தேன்.

பிளேன் எழும்பியது. அருளப்புவுக்குக் கண் இரண்டும் கட்டு. டொக்டர் தந்த குளிசையால் அரை நித்திரை. என்ஜின் அவருடைய வள்ளத்து என்ஜின் மாதிரியே கடகடவென்று அடித்தது. கடலுக்கு மேலே வந்ததும் அந்தப் பிளேன் இடப்பக்கம் நன்றாகச் சரிந்து திரும்பியது.

நயினாதீவுக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். சனம் கூடி வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் ஓட்டி ஒரு சத்தம் போடுவார். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எழும்பி மற்றப் பக்கம் மாறிவிடுவோம். இல்லாவிட்டால் தண்ணீருக்குள்தான். அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போனது.

அருளப்பு திடுக்கிட்டு எழும்பி, தன்னுடைய கடல் குரலில் கத்தினார்.

"இடப்பக்கத்து ஆக்கள் எல்லாரும் வலப்பக்கம் மாறுங்கோ! கெதியா!"

மாறினார்கள்! பிளேனில் பாதிச் சனம் தீவுச் சனம். புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு. பூட்டுப்படாத பெல்ற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, இடப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பாய்ந்து வந்து வலப்பக்கத்தில் இருந்தவர்களின் மடியில் விழுந்தார்கள். நெடுந்தீவுக் கிழவர் ஒருவர் என் கருவாட்டுக்கு மேலே இருந்தார். வைத்திலிங்கத்தார் இருந்தது இடப்பக்கம். அவரும் குடையோடு வந்து எங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரவணைக்காரரும் வள்ளத்தில் போனவர்தானே.

பெட்டை கூக்குரல் போட்டாள். அந்தக் காலத்தில் பலாலியில் இருந்து போகிற பிளேனில் சனம் ஒரே நேரத்தில் எழும்பிப் பாய்ந்தால் என்ன நினைப்பார்கள்? கடத்தப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளைக்காரர் பிளேனைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பலாலியிலேயே இறக்கிவிட்டார்.

எங்களை வெளியே இறக்கி வெய்யிலில் வரிசையாக நிறுத்தினார்கள். சுற்றிவரத் துவக்கோடு ஆமிக்காரர். ஒரு அதிகாரி வந்து தெரிந்த தமிழில் கேட்டார்.

"யார் கத்தினது? சொல்லுங்க. சொல்லாட்டி ஒருத்தரும் போக ஏலாது."

கத்தினதைக் கேட்ட சனம் முழுக்க ஆகாயத்தைப் பார்த்தது. அருளப்பு என் காதுக்குள் சொன்னார்.

"நான்தான் எண்டு சொல்லிவிடுறன். நீர் விடும் என்னை."

"பேசாமல் நில்லுங்கோ. உங்களைப் பிடிச்சு வைச்சால் நாளைக்கு ஒப்பரேசன் ஆருக்குச் செய்யிறது?"

"எனக்காக இவ்வளவு சனமும் வெய்யிலுக்குள்ள நிக்கிறதோ?"

நான் அவருடைய கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் கண் போகும், ஆளும் போகலாம். சொல்லாவிட்டால் நேரம் போகும், நேரத்தோடு கண்ணும் போகும். அவரோ ஒரு அடி முன்னால் வைக்கத் தொடங்கிவிட்டார். அந்த நிமிடத்தில் செபமாலையும் சொல்ல வரவில்லை, மங்கள வார்த்தைச் செபமும் வரவில்லை. "மாதாவே, ஆரையாவது அனுப்பு. ஆரெண்டாலும் பரவாயில்லை. ஆரையாவது அனுப்பு" என்று மட்டும் கேட்டேன்.

சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்த மனுசனை நான் நினைக்கவே இல்லை.

வைத்திலிங்கத்தார் குடையை ஊன்றிக்கொண்டு வரிசையை விட்டு முன்னால் போனார். நல்ல சிங்களத்தில் அதிகாரியோடு கதைத்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கையை வள்ளம் மாதிரி வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துக் காட்டினார். தான்தான் கத்தினேன், தீவு ஆள், வள்ளம் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லுகிறார் என்று எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் மெதுவாகச் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் போகவில்லை. மற்றவர்கள் ஏறலாம், இவர் நிற்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்று முடிவானது.

அருளப்பு "ஐயா, அது நான்..." என்று தொடங்கினார். வைத்திலிங்கத்தார் திரும்பி ஒரு முறை முறைத்தார். கட்டுப் போட்ட மனுசனுக்கு அந்த முறைப்பு எங்கே தெரியும்? அதனால் வாயாலும் சொன்னார்.

"உமக்கு விசரோ? போய் ஏறும். போகேக்க உந்தக் கருவாட்டையும் கொண்டு போம்."

நான் அவரைப் பார்த்தேன். "ஐயா, உங்கட மகள்... நாளைக்கு..."

அவர் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அதிகாரிக்குப் பின்னால் நடந்தார். அந்தக் காலத்தில் விசாரணைக்கென்று போன ஆள் திரும்பி வருவார் என்று ஆர் உறுதி சொல்ல முடியும்? அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போனார்.

அந்தப் பிஸ்கட் கொம்பனி எங்களைக் கொண்டுபோய்க் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் இறக்கியது. ஒருத்தரும் அசையவில்லை. அடுத்த நாள் காலமை சத்திரசிகிச்சை. நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னார். கட்டு அவிழ்த்த நாள் அருளப்பு முதலில் என்னைப் பார்த்தார். "என்ன, இப்பிடி மெலிஞ்சுபோனீர்?" என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குழறி அழுதேன். மாதாவே, உமக்கு ஸ்தோத்திரம்.

வைத்திலிங்கத்தாரைச் சில நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அதற்குள் மகள் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பி வந்ததும் நானும் அருளப்புவும் சரவணைக்கு அவரிடம் போனோம். கதலி வாழைக்குலை ஒன்று கொண்டுபோனோம், மீன் கொண்டுபோனால் பொத்துகிற மூக்கல்லவா. அவர் படலைக்கு வந்தார். வாருங்கள் என்று சொல்லவில்லை. இருக்கச் சொல்லவில்லை. அருளப்புவின் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினார்.

"எத்தினை விரல்?"

"மூண்டு ஐயா."

கையைக் கீழே பதித்துவிட்டு மறுபடியும் உயர்த்தினார். "இப்ப?"

"ஒண்டு."

"ம். அப்ப சரி."

"மகள் போய்ச் சேர்ந்திட்டாவோ ஐயா?" என்று கேட்டேன். "ஓம், ரெலிபோன் எடுத்தவள்" என்றார். வாழைக்குலையை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டார். எங்கள் முகத்துக்கு முன்னாலேயே சாத்தினார். நான் அந்த றோட்டிலேயே, புழுதிக்குள் முழந்தாளில் இருந்துவிட்டேன். அருளப்புவும் இருந்தார்.

சகோதரங்களே, அருளப்பு இப்போது மறுபடியும் வள்ளம் ஓட்டுகிறார். முன் வாங்கில் இருக்கிறார், பாருங்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஒரு வழியும் இல்லாமல் வெய்யிலில் நிற்பீர்கள். கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், மாதா அனுப்புவா. ஆனால் ஆரை அனுப்ப வேண்டும் என்று அவவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். வெள்ளை உடுப்புப் போட்ட சம்மனசு வருவார் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவர் வருவார்.

அந்தக் கொம்பனியில் நான் இனி ஏற மாட்டேன். சரவணை வைத்திலிங்கத்தாரையும் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அவருக்கும் என்னைப் பிடிக்காது. இரவில் செபமாலை முடிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய மகளின் பேருக்கு ஒரு மங்கள வார்த்தை சொல்லுகிறேன். இன்று வரைக்கும் ஒரு நாள் விட்டதில்லை.