அரை அங்குலம் வளர்ந்த பெருமாள்

தென்காசிப் பக்கத்து இலத்தூர் சிவனணைந்தபெருமாளுக்குப் பெயர்தான் நீளம். ஆள் குள்ளம். அந்தக் குள்ளத்தை நம்பித்தான் அவன் திருநெல்வேலிக் கல்லூரியில் கால்பந்து ஆடினான்.

கல்லூரியில் இரண்டு டீம். பெரிய டீமை நெட்டையர்கள் அடைத்துக்கொண்டதால், விளையாட்டு ஆசிரியர் ஞானதுரை சின்ன டீம் என்று ஒன்றை உண்டாக்கி விதியும் வைத்தார். ஐந்தடி மூன்று அங்குலத்தில் குறுக்கே ஒரு மூங்கில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், குனியாமல், தலை படாமல் அதன் கீழே நடந்து போகிறவன் சின்ன டீமுக்குத் தகுதி. தலை பட்டால் பெயர் அடிபடும்; பெரிய டீமில் இடம் கிடைத்தால் உண்டு. இன்னொரு விதி, கல்லூரி டீமில் பெயர் இருப்பவன் ஊர்க் கிளப்புக்கு ஆடக்கூடாது. ஒரு தடவை கிளப்புக்கு ஆடினால் அந்த வருஷம் கல்லூரி டீமை மறந்துவிட வேண்டியதுதான்.

முப்பத்தாறாம் வருஷச் சாரலில், சின்ன டீமுக்கும் தென்காசிக் கிளப்புக்கும் தென்காசியில் ஆட்டம் வைத்தார்கள். பெருமாள் இடது ஓரத்தில் ஓடுகிறவன். சொந்த சனத்தின் முன்னால் ஆடப்போவது அதுவே முதல் தடவை. படிப்பும் அந்த வருஷத்தோடு முடிகிறது.

முந்திய நாள் வீட்டுக்குள் நுழைந்தவன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து இடிக்காத நிலை. வலி ஒன்றும் பிரமாதமில்லை. வளர்ந்துவிட்டால் நாளைக்கு மூங்கில் இடிக்குமே என்பதுதான் கவலை.

சின்ன டீமுக்குக் கோல் காக்கும் பிச்சுமணியிடம் போய்ச் சொன்னான். பிச்சுமணி கூட்டாளி, வாய் சும்மா இருக்காது.

"பேரருவியில போயி நில்லுலே. அது அடிக்கிற அடியில ஆனையே அரை அங்குலம் எறங்கிரும்."

"வெளையாடாதலே."

"பின்ன நான் எப்படிக் கட்டையா இருக்கேன்னு நெனச்ச? பச்சப்பிள்ளையில இருந்தே எங்க ஆத்தா என்னைய அருவியில புடிச்சு நிறுத்தியிருக்கா."

பெருமாள் நம்பினான். நம்பாவிட்டால் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

விடிந்ததும் இருவரும் குற்றாலம் போனார்கள். மலையைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ இறங்கி வந்து கடைகளுக்குள்ளும் மனிதர்களுக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கும் சொரிமுத்து கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வெறுந்தலையோட அருவியில நிக்காதீரும் தம்பி, சளி பிடிக்கும்."

"மேல இருந்து கீழ, நல்லா அமுக்கித் தேயும் அண்ணாச்சி."

"கீழ இருந்து மேல தேய்க்க நான் என்ன கோட்டியா?"

தேய்த்து, பிசைந்து, கைகாலை இழுத்துச் சொடக்கெடுத்து அனுப்பினான்.

அருவிக்குள் போனதும் சத்தம் நின்றுபோனது. அவ்வளவு சத்தம் காதுக்குள் கொள்ளாது. தலையில் விழுந்த தண்ணீர் ஆணியை அறைவதுபோல அவனைப் பாறைக்குள் இறக்கியது. கணுக்கால் இறங்கியது, முழங்கால் இறங்கியது. தான் சிறுத்துக்கொண்டே போவதை அவன் தெளிவாகப் பார்த்தான். டவுசர் போட்ட பையனாகி, தவழும் பிள்ளையாகி, கடைசியில் ஒரு நெல்மணியாகிப் பாறையிடுக்கில் கிடந்தான். மேலே எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூங்கிலும் இல்லை, விதியும் இல்லை. பிச்சுமணி இழுக்காவிட்டால் சாயங்காலம்வரை அங்கேயே நின்றிருப்பான்.

திரும்புகையில் மாட்டுவண்டியில் வைக்கோல்மேல் படுத்து உறங்கிவிட்டான். வழியில் மேலகரம் தாண்டியதே தெரியாது. சாரல் முகத்தில் விழ விழ, வண்டி தரையில் போகிறதா மேகத்தில் போகிறதா என்று கனவிலேயே கேட்டுக்கொண்டு வந்தான்.

எண்ணெய் தேய்த்துப் பிசைந்த உடம்பு தளர்ந்து நீளுமே தவிரக் குறுகாது. படுத்து எழுந்தவன் நின்றவனைவிட ஒரு விரற்கடை கூட இருப்பான். படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி அளந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெருமாள் யாரிடமும் கேட்கவில்லை.

மைதானத்தில் மூங்கில் கட்டியிருந்தது. பெருமாள் நடந்தான். மூங்கில் நெற்றிக்கு மேலே நன்றாக இடித்து, கயிற்றோடு ஆடியது.

"என்னடே, ஒரே ராத்திரியில வளந்துட்டியா?" என்றார் ஞானதுரை. பெயரை அடித்தார். வருத்தத்தோடுதான் அடித்தார்; ஆனாலும் அடித்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கிளப்பின் தலைவர் மசூது வந்தார். அவருக்கு ஓர் ஆள் குறைந்தது. "தம்பி பேரு அடிபட்டுட்டுல்லா? அப்ப எங்களுக்கு ஆடலாமே. எங்ககிட்ட மூங்கிலு கெடையாது."

பெருமாள் ஆசிரியரைப் பார்த்தான்.

"விதிப்படி தடையில்ல," என்றார் ஞானதுரை. "ஆனா அங்கன ஆடினா, அடுத்த வாரம் பெரிய டீமுக்கு ஆள் எடுக்கையில நீ வந்து நிக்கக்கூடாது. யோசிச்சுக்கோடே."

"பெரிய டீம்ல உன்னையக் கூப்பிட்டு வெத்தலபாக்கு வைக்கப் போறாவளாக்கும்," என்று பிச்சுமணி முணுமுணுத்தான். அருவிக்கு அனுப்பிய குற்றத்துக்கு அவனால் முடிந்த ஆறுதல் அது.

பெருமாள் பெரிய டீமை நினைத்துப் பார்த்தான். அங்கே போனால் வருஷம் முழுதும் கோட்டுக்கு வெளியே தோள்துண்டோடு உட்கார்ந்திருக்கலாம். இங்கே கோட்டுக்கு உள்ளே ஓர் இடம் காலியாக இருக்கிறது. கல்லூரிச் சட்டையைக் கழற்றி மடித்து ஞானதுரை கையில் கொடுத்தான். மசூது கொடுத்த சட்டை தொளதொளவென்று இருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் மேகம் மைதானத்தில் இறங்கிவிட்டது. யார் எந்த டீம் என்று யாருக்கும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் அங்கங்கே மிதந்தன. பந்து எங்கிருந்தோ உருண்டு வந்து பெருமாளின் காலடியில் நின்றது. ஓடினான். கால்கள் தன்னுடையவை அல்லாதவைபோல நீள நீளமாக விழுந்தன. புல் நழுவிப் பின்னால் போனது. நேரே கோல் கம்பங்கள் தெரிந்தன, நடுவில் பிச்சுமணி.

"ஏலே, இங்கன வராதலே! நான் உன் கூட்டாளிலே!"

பெருமாள் சிரித்துக்கொண்டே ஓங்கி உதைத்தான். பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் முழங்கால் தேய்கிறவரை, தென்காசிக் கிளப்புக்கு இடது ஓரத்தில் வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.