நிலவில் அடுப்பு இல்லை

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பிய மறு வருஷம், பாலக்கரை லூர்துராணிக்குச் சமையல் வெறுத்துப்போனது. காரணம், ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. சந்திரனில் ஓர் ஊர். அங்கே எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. தெருக்கோடியில் நிற்கும் ராட்சத இயந்திரம் ஊருக்கே சமைத்துப் போட்டுவிடும். பெண்கள் காலையிலேயே நட்சத்திரங்களை ஆராயக் கிளம்பிவிடுவார்கள்.

அவள் இருந்தது ஒரே வாசலுக்குள் மூன்று குடித்தனங்கள் உள்ள ஸ்டோர் வீடு. பத்திரிகை வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். எழுத்தறியாத இருசம்மாளும் கமருன்னிசாவும் துணி துவைத்தபடியே கேட்பார்கள்.

"அந்த மெஷின் என்ன விலை இருக்கும்?" என்றாள் இருசம்மாள் ஒருநாள்.

"மெஷின் எதுக்குக்கா? நாம மூணு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு நாள் மூணு வீட்டுக்கும் சமைச்சா, மத்த ரெண்டு நாள் நம்மளுதுதானே" என்றாள் லூர்துராணி.

கறியும் மீனும் அவரவர் வீட்டில். சோறு, குழம்பு, ரசம் பொது என்று முடிவானது. லூர்துராணியின் கணவர் ஆரோக்கியசாமி, ரயில்வே ஒர்க்ஷாப்புக்குக் கட்டிக்கொண்டு போக நேரத்துக்குச் சோறு கிடைத்தால் சரி என்றார். கமருன்னிசாவின் கணவர் அப்துல் சலாம் தோல் மண்டியிலிருந்து பசியோடு வருகிறவர். தட்டைத்தான் பார்ப்பார், யார் சமையல் என்று பார்க்கமாட்டார். இருசம்மாளின் கணவர் பிச்சமுத்துதான் முறுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, யார் கை பட்ட சோறுன்னு தெரியாம எப்படிச் சாப்பிடறது?"

"கைய வச்சுப் பிரிக்கிறதெல்லாம் பூமியோட சரிண்ணே" என்றாள் லூர்துராணி. "சந்திரன்ல கேக்கறதில்ல."

இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார்.

சிரமம் இல்லாமல் இல்லை. இருசம்மாளின் காரக்குழம்பைப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் சாப்பிட்ட ஆரோக்கியசாமி கண்ணீர் விட்டதைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் என்று கூட வேலை செய்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் கிடைத்த பொழுதுகளில் இருசம்மாள் ஸ்ரீரங்கம் போய்ப் பூ வாங்கிவந்து விற்க ஆரம்பித்தாள். கமருன்னிசா லூர்துராணியிடம் எழுத்துக் கற்றாள்.

அப்போதுதான் கதையின் கடைசி அத்தியாயம் வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்த லூர்துராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயந்திரச் சோறு அலுத்துப்போன கதாநாயகன் சுத்தியலால் அதை உடைத்துவிடுகிறான். கதாநாயகி ஆனந்தக் கண்ணீரோடு வீட்டில் அடுப்பு மூட்டுகிறாள். சுபம்.

கிணற்றடியில் அவள் வேறு முடிவைப் படித்தாள். சுத்தியலோடு போனவனிடம் இயந்திரம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறது. அவன் வெட்கப்பட்டுச் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுக்கிறான். அன்றிலிருந்து சந்திரனில் ஆண்களும் முறை வைத்துச் சமைக்கிறார்கள். பக்கத்தைப் பார்த்துத் தடுமாறாமல் படித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கல்லின் முன்னால் பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார்.

"பத்திரிகையிலயே போட்டுட்டானாம்" என்று முனகிக்கொண்டே மாவாட்டினார்.

சில மாதம் கழித்துக் கமருன்னிசா பழைய இதழை எடுத்துக்கொண்டு வந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள்.

"அக்கா, இதுல வேற மாதிரி இருக்கே."

லூர்துராணிக்கு முகம் சிவந்தது. கமருன்னிசா யோசித்தாள்.

"எழுதினவருக்கு வீட்டுல யாரோ சமைச்சுப் போடுறாங்க போல" என்றாள். இதழைக் கிழித்து அடுப்பில் வைத்தாள். அன்றைக்கு அவள் முறை.

ஆரோக்கியசாமிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை ஆறேழு வருஷம் அந்தப் பொது அடுப்பு எரிந்தது. பொன்மலைக்குக் குடிபோன அன்று லூர்துராணி சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை. எதிர்வீட்டு அமிர்தத்திடம் போய், "உங்க வீட்டுல குழம்புக்குப் புளி கூடுதலா, கம்மியா?" என்று விசாரித்துக்கொண்டு நின்றாள்.