மூக்கு அடைத்த மூன்று வாரம்

மூன்று வாரமாகத் தனக்கு வாசனையே தெரியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாலு நாள் அது உண்மை. நல்ல சளி. சளி போன பிறகு பொய்யை மட்டும் கூடவே வைத்துக்கொண்டாள்.

கம்பளி விரிப்புகளைச் சுத்தம் செய்யும் கடை அது. இறந்துபோன கணவரின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், நடத்துவது. கீழே கடை, மேலே அவர்கள் வீடு, மாடிப்படிக்கு அடியில் அவளுடைய ஒற்றை அறை. நாயும் பூனையும் வளர்க்கிற வீடுகளிலிருந்துதான் முக்கால்வாசி வேலை வரும். கறையை எவரும் எடுத்துவிடலாம், நாற்றம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவள்தான் வேண்டும். தண்ணீரை லேசாகத் தெளித்து, விரிப்பின் மேல் கவிழ்ந்து, ஓரத்திலிருந்து ஓரம் மோந்துகொண்டே போவாள். காய்ந்த கம்பளி வாயே திறக்காது. ஈரம் பட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடும். தெருவில் அவளுக்கு மூக்கம்மா என்றே பெயர். "எங்க வீட்டுல குழம்பு தீஞ்சாக்கூட மூக்கம்மாவுக்குத்தான் முதல்ல தெரியும்" என்பார் எதிர்க்கடைப் பூட்டுக்காரர்.

வேறு ஊரில் அவளுடைய தங்கை தையல் கடை வைத்திருந்தாள். இரண்டாவது இயந்திரம் வாங்கிப் போட்டு, "மாசக் கடைசி வரைக்கும் யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்குள்ள வந்துடுக்கா" என்று சொல்லியிருந்தாள்.

போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்த இரண்டாவது இயந்திரம் வருவதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். பெரியவர் மறுக்கவில்லை. "போயேம்மா, யார் தடுத்தா? இந்த மழை சீசன் மட்டும் முடியட்டும்" என்றார். மழை முடிந்தால் குளிர் வந்தது. அவர் கத்துகிறவராக இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பாள். அவள் கணவர் கடைசியாகக் கிடந்தபோது, மருத்துவமனையின் மூன்று மாடிப்படியும் தம்பியை முதுகில் சுமந்து ஏறியவர் அவர். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவளால் எதுவும் பேச முடியவில்லை. மூக்கு போய்விட்டதென்றால் அவரே அனுப்பிவிடுவார். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. நாற்றம் போகவில்லை என்று இரண்டு விரிப்புகள் திரும்பி வந்தன. நாற்றம் எந்த இடத்தில் என்று தெரியாமல், பெரியவர் மூன்றாவதில் என்சைம் தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டார். அது மூத்திர அழுக்கைத் தின்னும். கால் மணி நேரம் தாண்டினால் கம்பளியையும் தின்னும், கம்பளியும் ரோமம்தானே. காலையில் விரிப்பின் நடுவே வழுக்கை விழுந்திருந்தது.

"உங்க தலையும் அதுவும் ஒண்ணா இருக்கு" என்றாள் அவர் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. இவளிடம் வந்து, "உன் தங்கச்சி இன்னும் அந்த இடத்த வச்சிருக்காளாம்மா?" என்று கேட்டார்.

"வச்சிருக்கா மாமா."

"சரி, ஞாயித்துக்கிழமை கிளம்பு. மூக்கில்லாம உன்னை இங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண."

அவள் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். ஒரே புடவையை இரண்டு தடவை மடித்தாள். சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கிழட்டுப் பூனை வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு விரிப்போடு வந்தாள். பழுப்பு நிறம், மெல்லிய கம்பளி, எங்கும் ஒரு கறையும் இல்லை. பெரியவர் அதை மேஜையில் விரித்து ஈரத்துணியால் ஒற்றினார். "நீ அந்தப் பக்கத்தப் பிடிம்மா, நேரா இழுத்துப் போடணும்" என்றார். அவர் மனதில் சோதிக்கிற எண்ணம் எதுவும் இல்லை.

வாசனை அவள் மண்டைக்குள் ஊசி போல ஏறியது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டாமல் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் அதெல்லாம் பழகியிருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடமாக இதே வேலையைச் செய்த கைக்கு அவள் ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை. அது இடது மூலையிலிருந்து இரண்டு சாண் தள்ளி நேராகப் போய் நின்று, விரிப்பைப் புரட்டி, அடிநூலைக் கட்டைவிரலால் அழுத்தியது. அங்கே மஞ்சளாக ஒரு வட்டம்.

ஆசிரியைக்கு ஒரே ஆச்சரியம். "மேல ஒண்ணுமே தெரியலையே. எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

மாடிப்படியில் நின்றிருந்த ஓரகத்தி, பெரியவரின் மனைவி, இவளைப் பார்த்தாள். பிறகு மாவு பிசைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பெரியவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே வாசலைத் தாண்டிவிடலாம். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"மூக்கு திறந்துடுச்சு போல" என்றார் மெதுவாக. "நல்லதாப் போச்சு. நான் பயந்தே போயிருந்தேன்மா."

அவள் தலையசைத்தாள்.

"அந்தம்மாவுக்கு எப்ப தரலாம்?" என்று கேட்டார்.

"புதன்கிழமை" என்றாள். வெள்ளை வினிகர் புட்டியை எடுத்து, பச்சைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, மஞ்சள் வட்டத்தின் மேல் ஒற்ற ஆரம்பித்தாள். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான் வேண்டும்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள்.

"பஸ் எத்தனை மணிக்குக்கா?"

"அந்த மெஷின்ல வேற யாரையாவது உக்கார வை" என்றாள் அவள்.